அழுக்கில்லாத ஒரு சத்தம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் காதில் வந்து நிற்கிறது. குருவிச் சத்தம் கேட்பதில்லை, பேரப்பிள்ளைகள் பேசுவது விளங்குவதில்லை, குக்கர் விசில் அடித்ததே தெரியவில்லை என்று ஒருவர் மாற்றி ஒருவர் புலம்புகிறீர்கள். நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பேன். எனக்குக் குருவி கேட்கிறது. குக்கர் கேட்கிறது. பக்கத்து வீட்டம்மா யாரைப் பற்றிக் குசுகுசுக்கிறார் என்பதுகூடக் கேட்கிறது. எனக்குக் கேட்காதது வேறு.

கண்டியில் காதுக்குப் பார்க்கிற டாக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, தாளில் விழுந்த கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாருக்கும் மெல்லிய சத்தம்தான் முதல்ல போகும். உங்களுக்குத் தலைகீழா இருக்கே அம்மா. தடிச்ச சத்தம் ஒன்னுமே விழலியே" என்றார். தெரியும் என்றேன். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டார். "எங்க அண்ணன்." அவரும் டாக்டரா என்றார். "இல்லிங்க, தலவாக்கலையில ரேடியோ ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தாரு." அவர் சிரித்தார். நான் மேற்கொண்டு சொல்லவில்லை. வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. விடியுமுன் ஆட்கள் வந்து கூடி, பேர் சொல்லி, யார் எந்த மலைக்கு என்று பிரிந்து போகிற இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் களத்தில் அப்பாவின் குரல்தான் மணி, அதுதான் சட்டம். மேல் மலையில் நின்று அவர் கூப்பிட்டால் கீழ் லயத்து வரிசை வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறவள் "இந்தா வாரேங்க" என்று எழுந்திருப்பாளாம். நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளுமாம். எல்லாம் பிறர் சொல்லக் கேட்டதுதான். எனக்கு அப்பா பேசினால் உதடு அசையும், இடையிடையே ஸ், ட், ச் என்று ஏதோ தெறிக்கும். அவ்வளவுதான்.

அது குறை என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா பேசுவது கேட்டது. லயத்துப் பெண்கள் பேசுவது கேட்டது. டீச்சர் பேசுவது கேட்டது, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில்தான் இருந்தேன். தப்பு மேளம் அடித்தால் குச்சி படுகிற டிக் டிக் கேட்கும். தூரத்து மலையில் மின்னல் வெட்டும்போது எல்லோரும் எதற்காகத் தோளைக் குறுக்குகிறார்கள் என்று மட்டும் விளங்காது. ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூட்டமாக நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஃபேக்டரிப் பக்கம் பார்த்தார்கள். "மிசின் நின்னிருச்சு" என்றாள் அம்மா. ஓடுகிற மிசினுக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, ஊருக்கெல்லாம் அடங்கின பிள்ளை, அப்பனுக்கு மட்டும் அடங்காத பிள்ளை. அப்பா கூப்பிடுவார், நான் முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருப்பேன். அம்மா ஒரு குரல் கொடுத்தால் ஓடிப்போவேன். லயத்தார் என்ன சொல்வார்கள்? "கங்காணி பேச்சுக்கு மலையே அசையுது, வீட்டுல ஒரு பொட்டப் புள்ள அசைய மாட்டேங்குது" என்றார்கள். அப்பா அதை அம்மாவின் வேலை என்று நினைத்தார். "நீதான் புள்ளைய என் மேல திருப்பி வுட்டிருக்க" என்று அவளை ஏசுவாராம். எனக்கு மிலாறுக் குச்சியால் விழும். வெட்டிய தேயிலைக் குச்சிக்கு இருக்கிற முரட்டுத்தனம் முருங்கைக் குச்சிக்குக் கிடையாது, பட்டவளுக்குத் தெரியும்.

அடியைவிட எனக்கு வேறொன்றுதான் பயமாக இருந்தது. அப்பா கூப்பிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். அத்தனை பேரும் பொய் சொல்வார்களா? அப்படியானால் எனக்கும் கேட்டிருக்க வேண்டும். கேட்ட உடனே என்னுள்ளே இருக்கிற ஏதோ கெட்ட புத்தி அதை மறைத்துவிடுகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மாரியம்மன் கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா என் திமிரை எடுத்துவிடு என்று வேண்டுவேன்.

தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் அம்மா ஒருதடவை கூட்டிப் போனாள். அவர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்னால் நின்று கை தட்டினார். நான் திரும்பினேன். "காதுல ஒரு கொறையும் இல்ல. கொழுப்புதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வருஷம் பனிக்காலத்தில்தான் அப்பா முடிவெடுத்தார். கொழும்பில் வீட்டு வேலைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற அம்மா ஒருத்தி எங்கள் பக்கம் வந்து போவாள். கோயில் திருவிழா முடிந்ததும் அவளோடு என்னை அனுப்புவதென்று பேச்சு. "பெத்தவன் சொல்லு கேக்காத புள்ளைக்குப் படிப்பு எதுக்கு? நாலு வீட்டுல அடி பட்டாத்தான் புத்தி வரும்" என்றாராம். அம்மா அழுதாள். அழுதால் என்ன, கங்காணி சொன்னால் சொன்னதுதான்.

அண்ணன் அப்போது தலவாக்கலையில் ரேடியோக் கடையில் வேலைக்கு நின்றான். பள்ளிக்கூடத்தை முடித்தவன், பேச்சு குறைவு, குரலும் அம்மா குரல்போல மெல்லிசு, எப்போதும் சட்டைப் பையில் ஈயக் கம்பி. அவன்தான் முதலில் சந்தேகப்பட்டவன். "இவ நடிக்கலப்பா. இவளுக்கு ஒங்க கொரல் மட்டுந்தான் கேக்கல" என்றான். அப்பாவுக்கு இது இன்னும் பெரிய அவமானமாகப் பட்டது. ஊருக்கே கேட்கிற குரல் சொந்த மகளுக்குக் கேட்காதா? "அப்ப ரூவி" என்றாராம். நிரூபித்துக் காட்டு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அண்ணன் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் ஒரு கருவி செய்யத் தொடங்கினான். காசு போட்டு வாங்கின சாமான் அதில் மிகக் கொஞ்சம். செத்துப்போன ரேடியோக்களிலிருந்து கழற்றியவை, பழுதுக்கு வந்து யாரும் திரும்பிக் கேட்காத ஒரு பெரிய ஹெட்போன், இரண்டு பேட்டரி. டின்னில் ஒரு திருகைத் திருப்பினால் ஒரே ஒரு சத்தம் தடிமனிலிருந்து மெல்லிசு வரைக்கும் ஏறிப்போக வேண்டும். மேடு பள்ளம் ஒழுங்காக ஏறி இறங்குகிற சத்தம், சைன் அலை என்றான். நான் ஒன்றும் விளங்காமல் பார்த்தேன். "தூளி ஆட்டுறோம்ல, அது மாதிரி. சத்தம் சுத்தி வந்து தன்னையே தள்ளணும். தள்ளுறது கொறஞ்சா நின்னுரும். கூடிப்போச்சுன்னா தூளி கூரை மோட்டுல போயி முட்டும். ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தணும், அதுதான் பாடு."

கடையில் அது நன்றாகப் பாடிற்று. லயத்துக்குக் கொண்டுவந்தால் பாடவில்லை. பனி விழுகிற காலை, பேட்டரியும் குளிர்ந்து கிடந்தது. அண்ணன் ஊதி ஊதிப் பார்த்தான். வாசல் இஸ்தோப்பில் பெஞ்சு போட்டு அப்பா உட்கார்ந்துவிட்டார், லயத்தார் வேறு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அப்பாவுக்கு முன்னால் தோற்றுப்போகிற பயத்தில் அண்ணன் தள்ளுகிற திருகை நன்றாக ஏற்றி வைத்தான். சத்தம் பிடித்துக்கொண்டது. என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினான். கேட்டால் கையைத் தூக்கு என்றான்.

நான் எல்லாவற்றுக்கும் கை தூக்கினேன். சந்தோஷமாகத் தூக்கினேன். என் திமிரை ஆத்தா எடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் உதடு அசைந்தது. அவர் என்ன சொன்னார் என்று பிறகு அம்மாதான் சொன்னாள். "பாத்தியாடா? ஒன் மிசினே சொல்லிருச்சு."

அன்றைக்குச் சாயந்தரம் பீலிக்கரையில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினான். என்னைக் கொழும்புக்கு அனுப்பத் தன் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டவன்போல இருந்தது அவன் முகம். ஏசப் போகிறான் என்று நினைத்தேன். "தடிச்ச சத்தம் ஒனக்கு எப்பிடிக் கேட்டிச்சு?" என்றான்.

"கொசு மாதிரி."

"கொசுவா? மாடு கத்துற மாதிரி இல்ல?"

"மாடெல்லாம் இல்லண்ணே. கொசு மட்டுந்தான்."

அண்ணன் எழுந்து லயத்துக்கு ஓடினான். நானும் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஹெட்போனைத் தன் காதில் வைத்துக் கேட்டான். "மாடும் இருக்கு, மேல கொசுவும் இருக்கு" என்றான். தூளி மோட்டில் முட்டினால் இடிக்கிற சத்தம் வருமே, அந்த மாதிரி, அதிகமாகத் தள்ளினதால் தடித்த சத்தத்தின் தலை மழுங்கி, அதிலிருந்து மெல்லிய அழுக்குச் சத்தங்கள் கிளம்பியிருக்கின்றன. நான் கேட்டதெல்லாம் அந்த அழுக்கைத்தான். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "நாந்தாண்டி ஒன்னைய மாட்டிவுட்டுட்டேன்" என்றான்.

அதற்குப் பிறகு திருவிழா வரைக்கும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அதே பேச்சுத்தான். கடைவிட்டு வந்ததும் அண்ணன் கம்பியைச் சூடாக்குவான், எதையோ கழற்றுவான், எதையோ ஒட்டுவான், ஹெட்போனை என் காதில் வைப்பான். சத்தத்தில் அழுக்கு எவ்வளவு என்று அளக்கிற மிசின் ஒன்று பெரிய இடங்களில் இருக்கிறதாம். தலவாக்கலையில் அதற்கு எங்கே போவது? "எங்க வீட்டுல ஒன்னு இருக்கே" என்று என்னைக் காட்டிச் சிரிப்பான். தடித்த சத்தம் என் காதுக்கு விழாது, அழுக்கு மட்டும்தான் விழும். அதனால் நானே அளவுகோல்.

"கொசு இருக்கா?"

"இருக்கு."

"இப்ப?"

"தூரத்துல இருக்கு."

கோயில் அலங்காரத்துக்கு வந்த சின்னப் பல்பு மாலையில் ஒன்று பழுதாகி அவனிடம் வந்தது. அதில் நல்லதாக இரண்டு பல்பைக் கத்தரித்து ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்தான். அவற்றுக்குக் கரண்டு போதவில்லை என்று இரண்டு டிரான்சிஸ்டரைத் துணைக்கு வைத்தான். நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரியவில்லை.

"பழுதாண்ணே?"

"எரியக் கூடாது. சத்தம் கூடுச்சுன்னா இதோட கம்பி லேசாச் சூடாகும். சூடானா தள்ளுறத அதுவே கொறச்சிரும். சத்தம் கொறஞ்சா ஆறிரும், மறுபடி தள்ளும். நம்ம திருக வேண்டியதே இல்ல. குளிரானாலும் அதுவே பாத்துக்கும்."

ஹெட்போனை வைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.

"கொசு?"

"ஒன்னுமில்லண்ணே."

"நல்லாக் கேளு."

"ஒன்னுமே இல்ல."

சொல்லும்போதே எனக்குச் சந்தேகம், இது பழைய திமிர்தானோ என்று. அண்ணன் தன் காதில் வைத்துக் கேட்டான். வெறும் போத்தல் வாயில் ஊதினால் வருமே, அப்படி வருகிறது என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. சத்தம் சுத்தமானதற்குக் கலங்கினானா, எனக்காகவா என்று நான் கேட்டதில்லை.

அப்பா மறுபடி உட்கார ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாதான் முதல் முறையாக அவர் வழியை மறித்து நின்றாள். "ஒரு தடவ கேட்டுட்டுப் போங்க. அப்புறம் நான் வாயே தொறக்கல" என்றாள். அண்ணன் இந்த முறை ஹெட்போனை முதலில் அப்பாவின் காதில் மாட்டினான். அப்பா முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "என்னாடா இது, என் தொண்டக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு" என்றாராம்.

"ஒங்க கொரலு அங்கனதாம்பா இருக்கு. திருக நீங்களே கையில வச்சுக்கிட்டு இவளுக்குப் போடுங்க."

நான் சுவரைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திருகினார். நான் கை தூக்கவில்லை. இன்னும் திருகினார். தூக்கவில்லை. அவர் முகம் கோபத்துக்குப் போய், கோபத்திலிருந்து வேறெங்கோ போயிற்று. முடிகிற வரைக்கும் திருகிவிட்டார். காது மடல் மட்டும் குறுகுறுத்தது.

"கூசுதுப்பா" என்றேன்.

அவர் எட்டி ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். வைத்த வேகத்தில் சுடுபட்டவர்போல எடுத்துவிட்டார். அறைக்குள் இருந்த எல்லோருக்கும் அது வெளியிலேயே கேட்டுக்கொண்டிருந்ததாம். அப்பா என் கையைப் பிடித்துப் பார்த்தார். போன வாரத்துத் தடிப்பு அதில் இன்னும் ஆறாமல் இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

கொழும்புக்கார அம்மா திருவிழா முடிந்து வந்தாள். அப்பா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

என் அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் காலத்து அப்பாக்கள் யார் கேட்டார்கள்? அவர் செய்தது வேறு. ஒருநாள் இஸ்தோப்பில் விளையாடிக்கொண்டிருக்கிறேன், பின்னால் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கீச்சென்று, தொண்டையை நெரித்துப் பிடித்த ஒரு குரல். திரும்பினால் அப்பா. அவர் வாயிலிருந்து என் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். பீலிக்கரையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பேசிப் பழகினார் என்று அம்மா சொன்னாள்.

பிறகு மலையிலும் அப்படித்தான் கூப்பிட்டார், ஆட்களுக்கு முன்னாலும் அப்படித்தான். லயம் சிரித்தது. இளந்தாரிகள் சும்மா இருப்பார்களா? பெரட்டில் அவர் தன் சொந்தக் குரலில் பேர் கூப்பிட, அவர்கள் கீச்சுக் குரலில் "இருக்கேங்க" என்றார்கள். களமே சிரித்தது. கங்காணிக்கு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், பயமும் மரியாதையும் அதிலேதான் தொங்கிக்கொண்டிருந்தன. சிரிப்பு தோட்டத்துத் துரையின் காதுக்கும் போயிற்று. கொஞ்ச நாளில் அப்பாவைப் பெரட்டிலிருந்து எடுத்து, கன்று வளர்க்கிற தவறணையில் காவலுக்குப் போட்டார்கள். அங்கே பேர் கூப்பிட ஆள் கிடையாது. அண்ணன் அந்தப் பிஸ்கட் டின்னைப் பிரித்து, சாமான்களைக் கடையில் வேறு வேறு ரேடியோவுக்குப் போட்டுவிட்டான். இன்றைக்கு இருந்தால் கண்டி டாக்டரிடம் காட்டியிருக்கலாம். அப்பாவின் வேலை என்னால் போயிற்று என்ற எண்ணம் அப்போதே எனக்கு வந்துவிட்டது. நீ என்ன செய்வாய் பாவம் என்று நீங்கள் சொல்வீர்கள், அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

ஆனால் அடுத்ததற்கு அம்மாவின் சமாதானம் செல்லாது. நான் படித்தேன், பாஸ் பண்ணினேன், ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டல் கிடைத்தது. கடை முதலாளி வீட்டுப் பிள்ளைகள், டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் நடுவே நான் எப்படியோ ஒட்டிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் கூட்டாளிகளோடு நின்றுகொண்டிருந்தபோது, கேட்டுப் பக்கமிருந்து என் பெயர் கீச்சென்று வந்தது.

நன்றாகக் கேட்டது.

"ஐயே, அது யாருடி? ஆம்பளையா பொம்பளையா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார், குரலை இன்னும் மெல்லிசாக்கி, இன்னும் நெரித்து. பஸ் ஏறி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அம்மா சுட்ட ரொட்டியோடு வந்திருப்பார். அதெல்லாம் பார்க்காமலே தெரிந்தது. முதுகு விறைக்க நின்றேன்.

அப்புறம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்னோடு நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டுக் கேட்டைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா தன் சொந்தக் குரலில் கூப்பிட்டிருந்தார்.

நான் திரும்பிப் பார்க்கத் துணிந்தபோது அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஓடினால் பிடித்திருக்கலாம். கேட்டுக் காவல்காரர் பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். வந்தவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, வாயை அகலத் திறந்து மெதுவாகப் பேசினார்.

"ஒங்கப்பா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறாரு. புள்ளைக்குக் காது கேக்காது, அதான் திரும்பல, யாரும் அதுக்காக அவள ஏசிறாதீங்கன்னு."

பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.